உல்லன் நூலில் ஒரு பவளப்பாறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளப்பாறைகளைப் பற்றிய கலைப்படைப்புகளில் என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது குரோஷே பவளப்பாறைதான். பின்னல் தெரிந்தவர்கள் கடலைப் பற்றிக் கேட்கிறார்கள், கடல் தெரிந்தவர்கள் பின்னலைப் பற்றிக் கேட்கிறார்கள், இரண்டும் தெரிந்தவர்கள் இதனால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

குரோஷே பவளப்பாறை என்றால் என்ன?

கொக்கி ஊசியால் பின்னிய பவளங்கள், கடற்பஞ்சுகள், கடல் சாமந்திகள், பாசிகள் எல்லாவற்றையும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒன்றாக அடுக்கி உருவாக்கிய பவளப்பாறை. 2005-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டின் வெர்த்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் தங்கள் வீட்டில் இதைத் தொடங்கினார்கள். மார்கரெட் அறிவியல் எழுத்தாளர், இயற்பியலும் கணிதமும் படித்தவர். கிறிஸ்டின் கலையும் இலக்கியமும் கற்பித்தவர். இருவரும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மாநிலத்தின் கடற்கரையை ஒட்டித்தான் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடர் கிடக்கிறது. அது 1998-லும் 2002-லும் பெரிய அளவில் வெளுத்துப் போன செய்தி அவர்களுக்குச் சொந்த ஊர்ச் செய்தி.

ஏன் நூலும் ஊசியும்? ஓவியமோ சிற்பமோ செய்திருக்கலாமே?

இதற்குப் பின்னால் ஒரு கணிதக் கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளியில் படித்த வடிவியலில், ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு இணைகோடுதான் வரைய முடியும். 19-ஆம் நூற்றாண்டில் காஸ், போயாய், லோபசெவ்ஸ்கி ஆகியோர், இப்படி எண்ணற்ற கோடுகள் வரையக்கூடிய வேறொரு வடிவியலும் முரண்பாடில்லாமல் இருக்க முடியும் என்று கண்டார்கள். அதை ஹைப்பர்பாலிக் வடிவியல் என்கிறோம். அங்கே முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரிக்குக் குறைவாக வரும். தாளில் எழுதிப் பார்த்தாயிற்று, ஆனால் அப்படிப்பட்ட பரப்பைக் கையில் பிடித்துப் பார்ப்பது எப்படி? வில்லியம் தர்ஸ்டன் என்ற கணிதவியலாளர் காகிதப் பட்டைகளை ஒட்டி மாதிரி செய்யும் வழியைச் சொன்னார். காகிதம் சீக்கிரம் கிழிந்துவிடும்.

1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்ற கணிதப் பேராசிரியர் அந்தக் காகித மாதிரியைப் பார்த்துவிட்டு, இதைப் பின்னிவிடலாமே என்று நினைத்தார். லாட்வியாவில் சின்ன வயதிலேயே கைப்பின்னல் கற்றவர் அவர். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் போதும், பரப்பு தானாகவே அந்த வடிவத்துக்கு வந்துவிடும். அதை மடித்து, மடிப்பின் மேல் வேறு நிற நூலால் தைத்தால் நேர்கோடு. ஒரே புள்ளி வழியாகப் பல கோடுகள் போவதையும், அவற்றில் ஒன்றுகூட எதிரே உள்ள கோட்டைத் தொடாததையும் மாணவர்கள் விரலால் தடவிப் பார்க்க முடிந்தது.

சரி, பவளம் எங்கே வந்தது? வெர்த்தைம் சகோதரிகள் இந்த முறையைக் கற்றுப் பின்ன ஆரம்பித்தார்கள். விகிதத்தை அப்படியே பிடித்துப் பின்னியபோது எல்லாம் ஒழுங்காக, ஒரே மாதிரி வந்தது. கிறிஸ்டின் விதியைக் கொஞ்சம் மீறினார். இங்கே மூன்று கண்ணிக்கு ஒன்று, அங்கே ஐந்துக்கு ஒன்று என்று மாற்றிக் கூட்டினார். உடனே அந்தத் துண்டுகளுக்கு உயிர் வந்தது போலாயிற்று. வீட்டு மேசையில் குவிந்து கிடந்ததைப் பார்த்தபோது அது பவளப்பாறை போலவே இருந்தது. திட்டம் பிறந்தது அப்படித்தான்.

உண்மைப் பவளத்துக்கும் இந்தக் கணிதத்துக்கும் தொடர்பு உண்டா, இல்லை பார்வைக்கு மட்டும் ஒத்துப்போகிறதா?

தொடர்பு உண்டு. ஓர் உயிரின் ஓரம் நடுப்பகுதியைவிட வேகமாக வளர்ந்தால், அந்த ஓரம் தட்டையாக இருக்க இடமில்லாமல் மேலும் கீழும் நெளியும். கோழிக்கொண்டைப் பூவின் தலைப்பைப் பாருங்கள், அதே நெளிவு. சில வகைப் பவளங்கள், ஓடில்லாத கடல் நத்தைகள், கடற்பாசிகள் எல்லாம் இப்படி வளர்கின்றன. சிறிய இடத்துக்குள் பெரிய பரப்பு கிடைக்கிறது, பரப்பு கூடக்கூட ஒளியும் உணவும் கூடுதலாகக் கிடைக்கும். எல்லாப் பவளமும் இப்படி இல்லை. மான்கொம்பு போல் கிளைப்பவை உண்டு, மூளை போல் உருண்டு கிடப்பவை உண்டு. அவற்றைப் பின்ன வேறு உத்திகள் வேண்டும்.

பவளம் ஏன் வெளுக்கிறது?

பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பாசி வெயிலில் உணவு தயாரித்துத் தன் பங்கு போக மிச்சத்தைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைக்கும். பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தப் பாசியின் நிறம்தான்.

கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகி, சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும், இந்த உறவு முறிந்துவிடும். சூட்டில் பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, பவளத்தின் திசுவுக்கு நஞ்சாகும் ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. திசு கண்ணாடி போலத் தெளிவாகி, அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. அந்த நிலையில் பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் நீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வந்து தேறிவிடும். சூடு நீடித்தால் செத்துப்போகும், அப்புறம் அந்தக் கூட்டின் மேல் வேறு பாசி படர்ந்து எல்லாம் மங்கிய பச்சையாகிவிடும்.

கிரேட் பேரியர் ரீஃப் 2016, 2017, 2020, 2022, 2024 ஆண்டுகளிலும் பெரிய அளவில் வெளுத்தது. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அடுத்த ஓராண்டுக்குள், உலகின் பவளப்பாறைப் பரப்பில் 84 சதவீதம் வெளுக்கும் அளவுக்கான வெப்பத்தைச் சந்தித்துவிட்டது. இரண்டு வெளுப்புகளுக்கு நடுவே பவளம் தேறுவதற்கு ஆண்டுகள் வேண்டும், அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது. இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிறு பிசைகிறது.

இந்தப் படைப்பில் காலநிலை மாற்றம் எப்படி வருகிறது? எல்லாம் பளிச்சென்று அழகாகத்தானே இருக்கிறது?

எல்லாப் பகுதியும் அப்படி இல்லை. வெளுத்த பாறை என்று ஒரு பகுதி உண்டு. முழுக்க வெள்ளையும் வெளிறிய நிறங்களுமான நூலில் பின்னியது. முதலில் பார்க்கும்போது அது கல்யாணத்துக்கான லேஸ் வேலைப்பாடு மாதிரி அழகாகத்தான் தெரியும். நிறமுள்ள பாறையைப் பார்த்துவிட்டு அதன் முன் வந்து நின்றால்தான் எது இல்லை என்பது உறைக்கிறது. எனக்குப் படைப்பு முழுவதிலும் வலிமையான பகுதி இதுதான். கத்திச் சொல்லாமல் ஓர் இழப்பைக் காட்டுகிறது.

நச்சுப் பாறை இன்னொன்று. நூலோடு பிளாஸ்டிக் பைகள், வீடியோ நாடா, இன்னும் பல குப்பைகளைப் பட்டைகளாக்கிப் பின்னியது. அதற்குத் துணையாகச் சகோதரிகள் வேறொரு காரியமும் செய்தார்கள். 2007 முதல் நான்கு ஆண்டுகள் தங்கள் வீட்டுக்குள் வந்த பிளாஸ்டிக்கை வெளியே எறியாமல் சேர்த்துவைத்து, பின்னர் அதை மீன்வலையில் கட்டித் தொங்கவிட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். சுற்றுச்சூழலில் அக்கறை உள்ள இரண்டு பேரின் வீட்டிலேயே அவ்வளவு என்றால், மற்ற வீடுகளைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பின்னியது யார்? பெயர் மட்டும் இரண்டு பேருக்கா?

தொடங்கி வழிநடத்துபவர்கள் அந்த இருவர். ஆனால் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் இதில் பின்னியிருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். சிகாகோ, நியூயார்க், லண்டன், டப்ளின், ரீகா, அபுதாபி என்று பல ஊர்களில் உள்ளூர்க்காரர்கள் கூடித் தங்கள் பாறையைப் பின்னினார்கள். இவற்றைத் துணைப்பாறைகள் என்கிறார்கள். 2022-ல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் ஃப்ரீடர் புர்டா அருங்காட்சியகத்தில் வைத்தது மிகப் பெரியது: சுமார் 4,000 பேர் அனுப்பிய 40,000 பவளங்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்திருந்தவர்கள் பின்னித் தபாலில் அனுப்பியவையும் அதில் சேர்ந்தன. ஓர் ஊர்ப் பாறையின் வண்ணமும் போக்கும் இன்னொன்றில் இருக்காது, ஏனென்றால் ஒவ்வொருவரும் விதியை அவரவர் விதமாக மீறுகிறார்கள். உண்மையான பாறையும் கோடிக்கணக்கான பாலிப்புகள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கட்டியதுதான் என்பதால், இந்தக் கூட்டு உழைப்பு எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

கைவேலைதானே, இதைக் கலை என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். 2008-ல் லண்டன் ஹேவர்ட் கேலரியில் இருந்தது. 2010-ல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. 2019-ல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் இடம்பெற்றது. அறிவியல் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் ஒரே பொருளுக்கு வாசலைத் திறப்பது அபூர்வம். ஆனால் அந்தச் சான்றிதழ்களைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. மதிய நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் செய்ததைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்தோம். கணிதப் பேராசிரியர்கள் காகிதத்தில் தடுமாறிய ஒன்றை அந்தக் கைப்பழக்கம் சர்வசாதாரணமாகச் செய்து காட்டியது. ஃபிரில் வைக்கத் தெரிந்த எத்தனையோ பேருக்கு அது கையில் முன்பே இருந்தது.

இதனால் ஒரு பவளமாவது பிழைத்ததா?

நேரடியாக, இல்லை. கடலின் சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பது குறைய வேண்டும். பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் உறிஞ்சிக்கொள்கிறது. புவி வெப்பம் 1.5 டிகிரி கூடினால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் வரை போய்விடும், 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2018-ல் சொன்னது. அந்த அரை டிகிரியை நூலால் இழுத்துப் பிடிக்க முடியாது.

பின்னலால் முடிவது வேறு. ஓர் உள்ளங்கை அளவுப் பவளம் பின்ன ஒரு மாலை முழுவதும் ஆகலாம். அவ்வளவு நேரம் அதன் படத்தைப் பார்த்து, மடிப்பு எங்கே தொடங்குகிறது, ஓரம் எப்படித் திரும்புகிறது என்று கவனித்தபடி இருப்பீர்கள். செய்தியில் அரை நிமிடம் பார்த்த பவளமும் இப்படிக் கையால் வளர்த்த பவளமும் மனதில் ஒரே இடத்தில் உட்காராது. அதற்குப் பிறகு வெளுப்பு பற்றிய செய்தி வரும்போது எந்தப் பவளம், எந்தக் கடல் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விகள் வாக்கு கேட்டு வருபவர் வரைக்கும் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

அக்ரிலிக் உல்லன் நூலும் பிளாஸ்டிக்தானே?

ஆமாம், பிளாஸ்டிக்தான். கடையில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். துவைத்தால் நுண் இழைகள் கழன்று சாக்கடைக்குப் போகும். தைமினாவே தன் கணித மாதிரிகளுக்கு விறைப்பாக நிற்கும் செயற்கை இழையைத்தான் விரும்பினார், அதனால் அந்தப் பழக்கம் பரவலாக இருக்கிறது. என் யோசனை: வீட்டில் மிச்சம் கிடக்கும் அக்ரிலிக்கை முதலில் தீர்த்துவிடுங்கள், புதிதாக வாங்குவதானால் பருத்தி நூல் வாங்குங்கள். இறுக்கிப் பின்னினால் பருத்தியும் நன்றாகவே நிற்கும்.

வேறு யாரெல்லாம் பவளப்பாறையை வைத்துக் கலை செய்கிறார்கள்?

அமெரிக்காவின் கோர்ட்னி மாட்டிசன் பீங்கான் களிமண்ணில் சுவரளவு பவளப்பாறைகளைக் கையாலேயே வனைகிறார். கடலறிவியலும் சேர்த்துப் படித்தவர் என்பதால் ஒவ்வொரு துளையும் பொறுப்போடு இருக்கும். வண்ணமுள்ள பவளங்கள் மெல்ல மெல்ல வெள்ளையாக மாறிப்போவது அவர் சுவர்களில் திரும்பத் திரும்ப வரும். களிமண்ணும் பவளக்கூடும் இரண்டுமே தொட்டால் உடைபவை, அந்தத் தேர்வு எனக்குப் பிடிக்கும்.

பிரிட்டன் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2006-ல் கிரெனடாவிலும், பிறகு மெக்சிகோவின் கான்கூனிலும் கடலுக்கடியில் மனித உருவங்களை இறக்கியவர். பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரத் தோதான சிமென்ட்டில் செய்தவை. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரக் கடற்கரையில் அவர் நிறுவிய சிறுமியின் சிலை தண்ணீருக்கு மேலே நிற்கிறது. கரைக்கு அப்பால் உள்ள டேவிஸ் ரீஃப் என்ற பவளத்திட்டில் அளக்கும் கடல்நீர் வெப்பம் உடனுக்குடன் சிலைக்கு வந்து சேரும், அதற்கேற்ப அதன் விளக்குகள் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும். முக்குளிக்கத் தெரியாதவரும் இன்று கடல் எவ்வளவு சூடு என்று மாலை நடை போகும்போதே பார்த்துக்கொள்ளலாம். அவருடைய படைப்புகளில் இதற்குத்தான் என் வாக்கு.

நகையில் வைக்கும் பவளமும் இதுவும் ஒன்றா?

இல்லை. மோதிரத்தில் வைக்கும் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் வளரும் வேறு இனம். அது பாறை கட்டுவதில்லை, அதற்குள் பாசியும் குடியிருப்பதில்லை.

தமிழ்நாட்டுக் கடலில் பவளப்பாறை இருக்கிறதா?

இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. 1986-ல் அந்தத் தீவுப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆனது. பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காக அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள், இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. வெட்டுவது நின்ற பிறகு வெப்பம் வந்தது: 2010-லும் 2016-லும் கடுமையான வெளுப்பு. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் திட்டுகளைக் கண்காணித்து, பவளத் துண்டுகளை நட்டு மீட்கும் வேலையையும் செய்துவருகிறது.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளைப் பொறுக்கிக் கலைப்பொருள் செய்யலாமா?

வேண்டாம். பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த துண்டாக இருந்தாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம். கடற்கரைக் கடையில் யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள்.

நானே ஒன்று பின்ன வேண்டும். எப்படித் தொடங்குவது?

4 மில்லிமீட்டர் கொக்கி ஊசி, நடுத்தரத் தடிமனில் நூல். 20 கண்ணிகளில் ஒரு சங்கிலி போடுங்கள். திரும்பி வரும்போது சாதாரணக் கண்ணியே போதும், ஆனால் ஒவ்வொரு மூன்றாவது கண்ணிக்குள்ளும் இரண்டு முறை பின்னுங்கள். எல்லா வரிசைக்கும் இதே விதி. முதல் இரண்டு வரிசையில் ஒன்றும் தெரியாது, கணக்குத் தப்பிவிட்டதோ என்று சந்தேகம் வரும். மூன்றாவது, நான்காவது வரிசையில் ஓரம் லேசாக அலை அடிக்கும். எட்டாவது வரிசை முடியும்போது 20 கண்ணி 200-ஐ ஒட்டிப் போயிருக்கும், துண்டு தானாகவே சுருண்டு உங்கள் விரலைச் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கண்ணியையும் இரட்டித்தால் அதே எட்டு வரிசையில் 5,120 ஆகிவிடும், நூல் உருண்டை கண்ணெதிரே காணாமல் போகும். தொடக்கக்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரு துண்டு ஒழுங்காக வந்ததும் விதியை மீறத் தொடங்குங்கள். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் கூட்டிப் பாருங்கள். பால் பாக்கெட் கவர்களைக் கழுவிக் காயவைத்து, இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி முடிச்சுப் போட்டும் பின்னலாம். அதற்குக் கொஞ்சம் பெரிய ஊசி வேண்டும், கையும் வலிக்கும்.

வெளுத்த பவளம் பின்ன வெள்ளை நூல் மட்டும்தானா?

பெரும்பாலும் வெள்ளை. ஆனால் சில பவளங்கள் பாசியை இழக்கும்போது பளீரென்ற ஊதா, நீலம், மஞ்சள் நிறங்களில் ஒளிர்கின்றன. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அவை உற்பத்தி செய்யும் புரதங்களின் நிறம் அது. 2016-ல் நியூ கலிடோனியாவில் இப்படி ஒளிர்ந்த பவளங்களைப் படம்பிடித்திருக்கிறார்கள். ஆகவே கண்ணைப் பறிக்கும் ஊதாவும் வெளுப்பின் நிறம்தான். வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவே அப்படி ஒன்று வைத்தால், பார்க்க வருபவர்கள் கட்டாயம் அது என்ன என்று கேட்பார்கள்.

பின்னி முடித்ததைக் கடலுக்குள் வைத்தால் மீன்கள் வருமா?

வைக்கவே கூடாது. நூல் அவிழ்ந்து ஆமையின் கால்களிலும் மீனின் செவுள்களிலும் சிக்கும், அக்ரிலிக் இழைகள் நீரில் கலக்கும். அட்டைப் பெட்டியிலோ பழைய மேசையிலோ துணி விரித்து, பெரிய துண்டுகளை அடியிலும் சின்னவற்றை மேலுமாக அடுக்கி, நடுவில் குண்டூசியால் குத்தி நிறுத்துங்கள். பள்ளி, நூலகம், மகளிர் குழுக் கூடம் எங்கே வைத்தாலும் பின்னிய ஒவ்வொருவரின் பெயரையும் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், ஒரே ஒரு துண்டு கொடுத்த குழந்தையின் பெயர் உட்பட.